பழகிடும், தம்பி!

காலை ஆறு ஐந்து. தண்டலம் இன்னும் பல் தேய்த்திருக்கவில்லை. எங்கள் தெருவில் விழித்திருந்தது பால்காரர், இரண்டு நாய்கள், அடியேன். புது வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பெட்ரோலும் பெயிண்ட்டும் கலந்த அந்தப் புது மணத்தை ஒரு நிமிஷம் அனுபவித்தேன். கிளட்சைப் பிடித்து, முதல் கியரை அமுக்கினேன்.

'டொக்!'

சாதாரண டொக் இல்லை ஸார். பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காயை ஓங்கிப் போட்டால் வருமே, அந்த டொக். ஒரு நாய் எழுந்து போய் வேறு இடத்தில் படுத்துக்கொண்டது. மாடி ஜன்னல் திறந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

விழுந்தது என் மனசு. மூன்று லட்சத்துச் சொச்சம் ரூபாய். முப்பத்தாறு மாதத் தவணை. அதில் முதல் தவணையே இன்னும் கட்டவில்லை. அதற்குள் கியர் பாக்ஸில் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறான்!

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் மேல் தப்பில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வீணாக ஒரு கம்பெனியின் பெயரைக் கெடுப்பானேன்? நெடுந்தூரம் போகிற ஜாதி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான ஹேண்டில்பார், பின்னால் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம், லடாக் மலையைக் காட்டுகிற விளம்பரம். நான் போவது ஒரகடம் வரைக்கும்.

* * *

'தண்டலம்' என்றால் உடனே 'எந்தத் தண்டலம்?' என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சென்னையைச் சுற்றி அந்தப் பெயரில் ஊர்கள் ஒன்றுக்கு மேல். திருப்போரூர்ப் பக்கம் ஒரு தண்டலம் இருக்கிறது. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த கூட்டம் ஒரு தடவை அங்கே போய் இறங்கி, வெயிலில் அலைந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டது. (இன்றுவரை நான் பிரம்மச்சாரி. அதற்கு ஊர்ப் பெயர் மட்டும் காரணமில்லை என்கிறார் அப்பா.)

நான் சொல்லும் தண்டலம், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் தாண்டி வரும். சவீதா மருத்துவக் கல்லூரி என்றால் பஸ் கண்டக்டருக்கே புரிந்துவிடும். ஒரு பக்கம் ஆம்புலன்ஸ், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி. நடுவில், சாலையைக் கடப்பதற்காகக் கையை நீட்டியபடி நிற்கும் ஜனங்கள். இதுதான் எங்கள் ஊர்.

இங்கிருந்து தினமும் இருபத்தைந்து கிலோமீட்டர் போல ஒரகடத்துக்கு. ஒன்பது வருஷம் கம்பெனி பஸ்ஸில் போனேன். அந்த வெள்ளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் எல்லோருக்கும் தலை தொங்கிவிடும். ஒன்பது வருஷம் போன பாதையில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. முப்பது வயது நெருங்கும்போது ஒரு நாள் திடீரென்று விழித்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவன் டூரிங் பைக்கில், பின்னால் பை கட்டிக்கொண்டு, மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிடித்த சனி... மன்னிக்கவும், ஆசை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே கியர் செய்கிற கம்பெனியில். ஆனால் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஒரு கியர் என்ன விலை, எந்தப் பார்ட்டி எத்தனை நாள் பாக்கி, எந்த லாட் திரும்பி வந்தது... எல்லாம் விரல் நுனியில். ஆனால் கியர் என்ன பாஷை பேசும் என்று தெரியாது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு வேட்டி கட்டத் தெரியாத கதைதான்!

* * *

முதல் வாரத்தில் நான் கண்டுபிடித்த சத்தங்களின் பட்டியல் இது:

ஒன்று, மேற்படி டொக். நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது. காலையில் பலமாக, மாலையில் கொஞ்சம் மரியாதையாக.

இரண்டு, 'ஙொய்ய்ய்...' இரண்டாவது, மூன்றாவது கியரில் கொசு மைக் பிடித்துப் பாடுகிற மாதிரி. வேகம் கூடக் கூட சுருதியும் கூடும்.

மூன்று, 'கடக்'. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகினால் இருக்கைக்குக் கீழே யாரோ தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

நான்கு, வண்டியை அணைத்த பிறகு 'டிக்... டிக்... டிக்...' சைலன்சர் பக்கத்திலிருந்து.

சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "நல்லாத்தானே சார் இருக்கு? எல்லா வண்டியும் இப்படித்தான். பழகிடும் சார்" என்றான். டாக்டர் 'ஒண்ணுமில்லை, வாயு' என்று சொன்னால் நமக்கு ஆறுதல் வருமா? இன்னொரு டாக்டரைத்தானே பார்ப்போம்!

நடுவில் முருகனையும் பார்த்தேன். ஒரகடம் போகிற வழியில் ஒரு திருப்பம் உள்ளே போனால் வல்லக்கோட்டை. ஏழடி உயரத்தில் ஜம்மென்று நிற்கிற முருகன். அந்த வட்டாரத்தில் புது வண்டி வாங்குகிறவர்கள் பலரும் அவரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அது நசுங்கியபோது 'பொச்' என்று வந்தது பாருங்கள்... அந்த வாரம் முழுக்க எனக்குக் காரணம் புரிந்த சத்தம் அது ஒன்றுதான்.

* * *

எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் ஒரு அண்ணன் இருக்கிறார். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'காது அண்ணன்' என்றால்தான் தெரியும். கியரை ஜோடி போட்டுச் சுழலவிட்டுக் கேட்பதுதான் அவருடைய உத்தியோகம். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, மைக் வந்துவிட்டது, திரையில் கோடு கோடாக ஓடுகிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பது அண்ணனின் முகத்தைத்தான்.

கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு நடுவே என் நாலு சத்தங்களையும் வாயாலேயே அபிநயித்துக் காட்டினேன். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சு வா தம்பி."

போனேன். ஒரு கியர் பாக்ஸைப் பிரித்து மேஜையில் வைத்திருந்தார். ஒன்பது வருஷமாக நான் பில் போட்ட பொருளை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"கியர் மாத்துறப்போ பல்லு நகர்ந்து இன்னொரு பல்லுல போய் மாட்டுதுன்னு நெனைச்சுட்டு இருக்கே இல்ல? தப்பு. எல்லாப் பல்லும் எப்பவும் கோத்துட்டேதான் இருக்கு. முதல் கியர் ஜோடி, ரெண்டாவது கியர் ஜோடி, எல்லாமே சேர்ந்துதான் சுத்துது. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு ஷாஃப்ட்ல ஒட்டாம சும்மா சுத்திட்டு இருக்கும். நீ கால்ல அமுக்குனா இந்த மொட்டு இருக்கு பாரு, இது பக்கத்து கியர்ல இருக்கற பள்ளத்துல போய் விழும். அப்பதான் அந்த ஜோடி வேலைக்கு வரும்."

அந்த மொட்டுக்கு இங்கிலீஷில் 'டாக்' என்று பெயராம். நாயேதான்! கவ்வினால் விடாது என்பதால்.

"நீ வண்டியை நிறுத்தி வச்சு நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்றே. கிளட்ச் எண்ணெய்ல ஊறிக் கிடக்கு. காலைல எண்ணெய் கெட்டியா இருக்கும். நீ கிளட்சைப் பிடிச்சாலும் தட்டுங்க ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டுத்தான் இருக்கும். அதனால உள்ள ஒரு ஷாஃப்ட் சுத்துது, சக்கரத்தோட சேர்ந்த ஷாஃப்ட் நிக்குது. சுத்தறதைக் கொண்டுபோய் நிக்கறதுல கோத்தா என்ன ஆகும்?"

"டொக்!"

"அதான். கார்ல ரெண்டு வேகத்தையும் சமமாக்க நடுவுல பித்தளை வளையம் மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்க. பைக்ல அதுக்கு இடமும் இல்லை, அந்த எடையும் வேண்டாம்னு விட்டுட்டாங்க. கிளட்சைப் பிடிச்சு உடனே மிதிக்காதே. ரெண்டு மூணு செகண்டு பொறு. சுத்தறது கொஞ்சம் அடங்கும். அப்புறம் மிதி."

"அந்த ஙொய்?"

ஒரு கியரை எடுத்து என் கையில் கொடுத்தார். பல்லெல்லாம் நேராக, அச்சுக்கு இணையாக வெட்டியிருந்தது. இன்னொன்றைக் கொடுத்தார். அதில் பல் சாய்வாக இருந்தது.

"நேர்ப் பல்லு முழு நீளத்துக்கும் ஒரே சமயத்துல தட்டும். சாய்ஞ்ச பல்லு ஒரு ஓரத்துலேர்ந்து வழுக்கிட்டே வரும். அதான் சத்தம் கம்மி. ஆனா அது ஷாஃப்டைப் பக்கவாட்டுல தள்ளும், அதைத் தாங்கப் பேரிங் வேணும். பைக்ல பெரும்பாலும் நேர்ப் பல்லுதான். நீ கேட்டிருப்பியே, பழைய கார் ரிவர்ஸ் எடுக்கறப்போ மட்டும் 'ஙொய்ய்'னு அழும். முன்னாடி போற கியரெல்லாம் சாய்ஞ்ச பல்லு, ரிவர்ஸ் மட்டும் நேர்ப் பல்லு. உன் வண்டி முன்னாடி போறப்பவே அழுவுது, அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போது எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! யாராவது அதைக் கோளாறு என்றா சொன்னோம்?

'கடக்'குக்கும் காரணம் இருந்தது. பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். எண்ணெய் நுழைய வேண்டும், சூட்டில் உலோகம் பெருக்க வேண்டும். கியரில் கொஞ்சம், மொட்டில் கொஞ்சம், சங்கிலியில் கொஞ்சம், பின் சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் கட்டையில் கொஞ்சம்... இந்தக் கொஞ்சமெல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாவும்போது கடக். ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று திருகாமல் பதமாகத் திருகினால் பாதி அடங்கும். நான்காவது 'டிக் டிக்' கியரே இல்லை. சூடான சைலன்சர் ஆறிச் சுருங்குகிற சத்தம்.

"அப்ப எல்லாமே சாதாரணம்தானா அண்ணே?"

"அப்படி நான் சொல்லலையே" என்றார் அண்ணன். "இதெல்லாம் முதல் நாள்லேர்ந்து இருக்கற சத்தம். அதை ஞாபகத்துல வச்சுக்கோ. புதுசா ஒண்ணு வந்தா விடாதே. கிளட்சைப் பிடிச்சுட்டு ஓடவிட்டுப் பாரு. எஞ்சினோட சேர்ந்து அடங்குச்சுன்னா எஞ்சின் பக்கம். எஞ்சின் அடங்குன பிறகும் சக்கரம் சுத்தச் சுத்த வந்துச்சுன்னா சங்கிலி, சக்கரம், பேரிங். பல்லுல ஒரு சின்ன அடி பட்டிருந்தாக்கூட சுத்துக்கு ஒரு தரம் 'டிக்'ங்கும். அப்படி ஒரு லாட்டையே திருப்பி அனுப்பியிருக்கேன்."

அந்த லாட்டுக்கு கிரெடிட் நோட் போட்டவன் நான்தான். அப்போது அவரைத் திட்டிக்கொண்டே போட்டேன்!

* * *

மறுநாளிலிருந்து என் பாதையே மாறிவிட்டது. அதே சாலை, ஆனால் காது திறந்திருந்தது.

தண்டலத்தில் மூன்று செகண்டு பொறுத்து முதல் கியர். டொக் இல்லை, 'டக்'. நெடுஞ்சாலை ஏறி மேற்கே திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. 1998-இல் ஹுண்டாய் தன் முதல் சான்ட்ரோவை இங்கிருந்துதான் வெளியே விட்டது. அதற்கு முன்பே, 1990-இல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே ரேஸ் டிராக் திறந்துவிட்டது. 3.7 கிலோமீட்டர் நீளம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு ரேஸ் என்றால் சோழவரம். யுத்த காலத்து விமான ஓடுபாதையில் கூட்டம் கூட்டமாக நின்று பார்ப்பார்களாம். ரேஸ் நடக்கிற நாளில் இந்தப் பக்கம் போனால், ஒவ்வொரு வண்டியும் வளைவுக்கு முன்னால் கியரை இறக்குகிற சத்தம் காற்றில் வரும். முன்பெல்லாம் அது எனக்கு வெறும் இரைச்சல்.

அடுத்து ஸ்ரீபெரும்புதூர். 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர். 1991 மே 21-க்குப் பிறகு வேறொரு காரணத்துக்காகவும் உலகம் அறிந்த ஊர். ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டும்போது வண்டியின் வேகம் தானாகவே ஒரு சுற்றுக் குறையும். இதே ஊரில்தான் 2006-இல் நோக்கியா தொழிற்சாலை வந்தது, 2014-இல் மூடியது. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே போனார்கள். அத்தனை பேரை ஏற்றி இறக்கிய பஸ்களின் சத்தம் ஒரே வருஷத்தில் நின்றுபோனதை இப்போதும் சொல்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பி சிங்கப்பெருமாள்கோவில் ரோடு பிடித்தால் பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம். இது சக்கர தேசம். 2010-இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை, 2012-இல் டைம்லர் லாரி, 2015-இல் வல்லம் வடகாலில் யமஹா. ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது.

ராயல் என்ஃபீல்டு என்றதும் காது அண்ணன் சொன்னது ஞாபகம் வருகிறது. 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய பாடு என்பதால் அதற்கென்றே தனியாக ஒரு மிதி வைத்திருந்தார்கள்! "அப்பல்லாம் கியர் விழுந்துச்சான்னு கண்ணால பார்க்க முடியாது தம்பி. கால்ல ஒரு அடி, காதுல ஒரு சத்தம், ரெண்டும் வந்தாத்தான் கிளட்சை விடுவோம். அதைப் போய்க் கோளாறுங்கறே?"

இப்படியாக ஆயிரம் கிலோமீட்டர் ஆயிற்று. முதல் சர்வீஸில் எண்ணெய் மாற்றினார்கள். பழைய எண்ணெயில் பொடிப் பொடியாக மினுமினுப்பு. புதுப் பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய சுவடு அது. வண்டியும் பழகிவிட்டது, நானும் பழகிவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேதான் வினை.

* * *

வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. டூரிங் பைக் வாங்கிவிட்டு டூர் போகாமல் இருக்கலாமா? "அப்பா, வண்டியிலயே போலாம்பா" என்றேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தேழு வருஷம். தகடு வைப்பார்கள், பிரஸ் இறங்கும், 'தொம்!' தகடு வளைந்து வெளியே வரும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கான தொம். இப்போது அவருக்குக் காது பாதிதான். முன்னால் உட்கார்ந்து நான் கத்தினாலும் விழாது. அதனால் ஒரு ஏற்பாடு: தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் நிறுத்து.

கிளம்புவதற்கு முன் ஞாயிறு காலை அடியேன் ஒரு சாகசம் செய்தேன். சங்கிலி கொஞ்சம் தொங்குகிற மாதிரி தெரிந்தது. வீடியோ பார்த்து நானே பின் சக்கர நட்டைத் தளர்த்தி, சங்கிலியை இழுத்துச் சரிசெய்து, நட்டை முறுக்கினேன். முறுக்கினேன் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஹவுஸ் ஓனர் வந்து தண்ணி மோட்டார் பற்றிப் பேசியது ஞாபகமிருக்கிறது. அதற்குப் பிறகு ஸ்பேனரை எத்தனை சுற்று சுற்றினேன் என்று ஞாபகமில்லை.

போகும்போது சொர்க்கம். காஞ்சிபுரம் தாண்டிப் பாலாற்றுப் பாலம், அப்புறம் இரண்டு பக்கமும் வயல். அப்பா பின்னால் உட்கார்ந்து ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்தார். காதுகுத்தில் குழந்தை அழுத அழுகையில் அப்பாவே, "நல்ல குரல், எனக்கே கேட்குது!" என்று சிரித்தார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. காஞ்சிபுரம் தாண்டி நெடுஞ்சாலை ஏறினோம். பின்னால் கன்டெய்னர் லாரிகள், வரிசையாக, முதுகில் வெளிச்சம் அடித்தபடி. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். 'சளக்... சளக்...'

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! பல்லுக்குப் பல் இடைவெளி, ரப்பர் கட்டை, எண்ணெய்ச் சூடு... மனசுக்குள் காது அண்ணன் பாடத்தை ஒரு தரம் ஒப்பித்து, 'சாதாரணம்தான்' என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டேன். கிளட்சைப் பிடித்துப் பார் என்று அவர் சொன்ன பாகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

தோளில் ஒரு தட்டு. மெதுவாக்கினேன். மறுபடி வேகம் எடுத்தேன்.

தோளில் இரண்டு தட்டு. பலமாக.

சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். எரிச்சலோடு, "என்னப்பா?" என்றேன்.

"கால்ல இழுக்குது" என்றார். "சங்கிலி பக்கத்துக் கால்ல. ஒரு சுத்துக்கு ஒரு தரம் இழுத்து இழுத்து விடுது. வர்றப்ப இல்லை."

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வயிற்றில் ஐஸ் கட்டி விழுந்தது. பின் சக்கரத்து நட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சக்கரம் ஒரு பக்கமாகக் கோணி, சங்கிலி பல்சக்கரத்தின் விளிம்பில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஓடும்போது அது கழன்று சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர். மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

டீக்கடைக்குப் பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்காரர் பெரிய ரிங் ஸ்பேனரோடு வந்து, சக்கரத்தை நேராக்கி, சங்கிலியைப் பார்த்து, நட்டை முறுக்கினார். "யாரு சார் இதைக் கழட்டுனது?" என்று கேட்டார். நான் நிலாவைப் பார்த்தேன்.

* * *

கை நடுக்கம் நிற்க இரண்டு டீ தேவைப்பட்டது. அப்பா நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார்.

"எனக்கும் சத்தம் கேட்டுச்சுப்பா" என்றேன், அவர் காதுக்குப் பக்கத்தில் போய். "பழகினதுதானேன்னு விட்டுட்டேன்."

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் பிரஸ் ஷாப்ல சேர்ந்தப்போ பத்தொம்பது வயசு. முதல் நாள் தலையே வெடிச்சிடும்போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள 'ஙொய்'னு கத்திக்கிட்டே இருக்கும். ஃபோர்மேன் என்ன சொன்னாரு தெரியுமா? 'பத்து நாள்ல பழகிடும் தம்பி'ன்னாரு. சொன்ன மாதிரியே கொஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியலை. அட, பழகிடுச்சேன்னு நெனைச்சேன்." சிரித்தார். "சத்தம் பழகலைடா. காது போயிட்டிருந்துச்சு. ரெண்டும் அப்ப ஒரே மாதிரிதான் இருந்துச்சு எனக்கு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"முதல்ல உங்கம்மா கொலுசுச் சத்தம் போச்சு. அவ பின்னாடி வந்து நின்னாலே தெரியாது. அப்புறம் குக்கர் விசில். லாரி சத்தம் மட்டும் இப்பவும் நல்லாக் கேட்கும்."

அப்பா சொன்ன வரிசை சரியானது. இரைச்சலில் போகிற காதுக்கு முதலில் போவது மெல்லிய உச்ச சுருதி. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதல் பள்ளம் விழும் என்பார்கள். கொலுசு, பறவை, பேச்சில் 'ஸ' மாதிரி எழுத்துகள். அடித் தொனி கடைசி வரை நிற்கும். அதனால்தான் ஆளுக்குத் தன் காது போவதே தெரியாது. மற்றவர்கள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று கோபம்தான் வரும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு தரம் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் நம் தொழிற்சாலை விதிகள் போட்ட கோடு. தொழிலால் வரும் நோய்கள் என்று தொழிற்சாலைச் சட்டம் போட்ட பட்டியலில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பட்டியலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டதைக்கூட, 'மாப்பிள்ளைக்கு ஜலதோஷமா?' என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்களாம்.

என் வண்டியின் அந்தக் கொசுப் பாட்டு, நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் திட்டிய அந்த 'ஙொய்', அப்பாவுக்குக் கேட்கவே கேட்காது. கேட்கிற காதை வைத்துக்கொண்டு நான் விட்டதை, அவர் காலால் கேட்டார்.

"போலாமா?" என்றார் அப்பா. "மெதுவாப் போ. கால்ல நான் பாத்துக்கறேன்."

* * *

இப்போது என் வழக்கம் இது. சங்கிலிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் சுத்தம், எண்ணெய். நட்டை முறுக்கும்போது ஹவுஸ் ஓனர் மட்டுமல்ல, சாட்சாத் முருகனே வந்து பேசினாலும் பதில் கிடையாது. முறுக்கி முடித்ததும் நட்டின் மேல் பெயிண்ட்டால் ஒரு கோடு. கோடு நகர்ந்தால் நட் நகர்ந்தது என்று அர்த்தம். (காது அண்ணன் உபயம். நடந்ததைச் சொன்னதும் முதலில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தார்.)

கம்பெனியில் ஸ்டாக் எடுக்க ஷாப் ஃப்ளோருக்குள் போனால் காதில் அடைப்பான் இல்லாமல் நுழைவதில்லை. போன வாரம் அங்கே புதுசாகச் சேர்ந்த டிரெய்னிப் பையன் ஒருவன் அடைப்பானைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தான். "காதுல போடுப்பா" என்றேன்.

"பரவால்ல சார், பழகிடுச்சு" என்றான்.

பத்தொன்பது வயதிருக்கும். அவனை டீக்கு அழைத்துப் போய் ஒரு கொலுசுக் கதை சொன்னேன். திரும்பி வரும்போது போட்டுக்கொண்டான். மறுநாளும் போட்டிருந்தான். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? தினமும் டீ வாங்கிக் கொடுக்க என் தவணை இடம் கொடுக்காது.

காலை ஆறு ஐந்து. கிளட்சைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி முதல் கியர். டக். நாய் எழுந்திருப்பதில்லை, அதற்குப் பழகிவிட்டது. நேற்று மட்டும் டக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததுபோல் பட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்தேன்.

மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்ல சார். கேட்டுட்டு இருக்கேன்."